போனவரை விடுங்கள், இருப்பவர்களின் கணக்கைப் பாருங்கள்

கிள்ளான் வாசகர் — 30 ஜனவரி 2025, மாலை

நேற்றோடு மாலி, புர்கினா ஃபாசோ, நைஜர் மூன்றும் மேற்கு ஆப்பிரிக்கக் கூட்டமைப்பான எகோவாஸை விட்டு முறைப்படி வெளியேறிவிட்டன. நாளையோடு பிரிட்டன் ஐரோப்பிய ஒன்றியத்தை விட்டு 5 வருஷம். என் கருத்து இதுதான்: ஒன்று கழன்றால் மற்றதெல்லாம் தானாகக் கழலும். நம் தென்கிழக்காசிய நாடுகளின் கூட்டமைப்பான ஆசியானுக்கும் ஒருநாள் இதே கதிதான். மறுப்பவர்கள் ஆதாரத்தோடு வரவும்.

லாபிஸ் — 30 ஜனவரி 2025, இரவு

தம்பி ஆதாரம் கேட்கிறார். சீனப் பெருநாளுக்குச் செம்பனைக் குலை எடைபோடும் எங்கள் ராம்ப் மூடியிருக்கிறது, லாரியும் இல்லை, எடையும் இல்லை, எழுத நேரம் இருக்கிறது.

பிரிட்டன் வாக்கெடுப்பு 2016 ஜூன் 23. வெளியேற 51.9 விழுக்காடு, இருக்க 48.1. அன்றைக்கு அடுத்து யார் என்று பத்திரிகைகள் பட்டியலே போட்டன. பிரான்ஸ், நெதர்லாந்து, இத்தாலி என்று பெயர்கள் வந்தன. ஒருவரும் போகவில்லை. 2017இல் யூரோவை விடலாம் என்று பேசிய பிரான்சின் வலதுசாரித் தலைவர் லெ பென், 2022 தேர்தலில் அந்தப் பேச்சையே எடுக்கவில்லை. நெதர்லாந்தில் வெளியேறவேண்டும் என்று பேசிவந்த வில்டர்ஸ் கட்சி 2023இல் 150 இடங்களில் 37 பிடித்து முதலிடம் வந்தது. ஆட்சிக் கூட்டணி அமைத்தபோது வெளியேற்ற வாக்கெடுப்பைக் கீழே வைத்துவிட்டுத்தான் அமைத்தார்கள்.

அதற்கு முன்பே கிரீன்லாந்து 1985இல் மீன்பிடி உரிமைக்காக ஐரோப்பியச் சமூகத்தை விட்டுப் போனது. அதனாலும் எதுவும் ஆடவில்லை.

ஆனால் தம்பி சொல்வதுபோல் முழுக்கக் கலைந்த கதையும் உண்டு. 1958இல் கரீபியத் தீவுகள் பத்து சேர்ந்து மேற்கிந்தியக் கூட்டரசு அமைத்தன. 1961இல் ஜமைக்கா மக்கள் வாக்கெடுப்பில் வேண்டாம் என்றார்கள். டிரினிடாட் தலைவர் எரிக் வில்லியம்ஸ், பத்தில் ஒன்று போனால் மிச்சம் பூஜ்யம் என்று சொல்லிவிட்டுத் தாமும் விலகினார். 1962 மே மாதம் கூட்டரசே கலைக்கப்பட்டது.

ஒரே செயல், இரண்டு முடிவு. கிரீன்லாந்தில் இருந்தது சில பத்தாயிரம் பேர். ஜமைக்காவிலோ கூட்டரசின் மக்களில் பாதிக்கும் மேல். அதனால் போகிறவர் எத்தனை பேர் என்று எண்ணுவதை விட்டுவிட்டு, அவர் எந்தப் பாரத்தைத் தாங்கிக்கொண்டிருந்தார் என்று பார்க்கவேண்டும்.

லாபிஸ் — 31 ஜனவரி, காலை

சிரம்பான் அண்ணன் எழுதியிருக்கிறார்: "சிங்கப்பூர் 1965இல் போச்சு. மலேசியா உடைஞ்சுச்சா? இல்லையே. அப்புறம் என்ன பேச்சு?"

அண்ணே, உடையவில்லை என்பது சரி. அந்த இடத்திலேயே நிறுத்திக்கொள்கிறீர்களே, அதுதான் எனக்கு ஆகவில்லை. நாளைக்கு விவரமாக எழுதுகிறேன்.

லாபிஸ் — 1 பிப்ரவரி

பேனா எடுத்துக் கூட்டிப் பார்க்கக்கூடிய கணக்கு இது. எல்லாரும் ஒருமுறை போட்டுப் பாருங்கள்.

1963 செப்டம்பர் 16இல் மலேசியா அமைந்தபோது நாடாளுமன்றத்தில் 159 இடம். மலாயாவுக்கு 104, சரவாக்குக்கு 24, சபாவுக்கு 16, சிங்கப்பூருக்கு 15. அரசியலமைப்பைத் திருத்த மூன்றில் இரண்டு பங்கு வேண்டும், அதாவது 106. மலாயா உறுப்பினர்கள் 104 பேரும் ஒருவர் விடாமல் கை தூக்கினாலும் இரண்டு குறையும். கடல் தாண்டி இருப்பவர்களிடமோ சிங்கப்பூரிடமோ போய்ப் பேசித்தான் ஆகவேண்டும்.

இப்போது 15ஐக் கழியுங்கள். மொத்தம் 144. மூன்றில் இரண்டு 96. மலாயாவிடம் 104 அப்படியே இருக்கிறது. யாரிடமும் பேசவேண்டியதில்லை.

சபா, சரவாக்கின் ஒரு இடத்தைக்கூட யாரும் பிடுங்கவில்லை. 24 என்றால் 24, 16 என்றால் 16. ஆனால் அந்த 40க்கு இருந்த பலம் 1965 ஆகஸ்ட் 9 அன்று ஒரே நாளில் போய்விட்டது. அன்று மக்களவையில் 126 பேர் ஆதரவு, எதிர்ப்பு ஒன்றுகூட இல்லை. சபாவின் டொனால்ட் ஸ்டீபன்ஸ் மத்திய அமைச்சராக இருந்தவர். சிங்கப்பூர் போன பிறகு நாங்கள் சேர்ந்த நிபந்தனைகளை மறுபடி பார்க்கவேண்டும் என்று கேட்டார். பதவியைத்தான் விடவேண்டி வந்தது. அடுத்த வருஷமே சரவாக் முதலமைச்சர் ஸ்டீபன் காலோங் நிங்கானை இறக்க, அவசரநிலை அறிவித்து, நாடாளுமன்றத்தில் சட்டம் போட்டு, அந்த மாநிலத்தின் அரசியலமைப்பையே திருத்தினார்கள்.

1976இல் சபாவையும் சரவாக்கையும் மற்ற மாநிலங்களோடு ஒரே வரிசையில் வைத்துத் திருத்தம் வந்தது. அதைத் திருப்ப 2019 ஏப்ரலில் முயன்றார்கள். 148 தேவை, கிடைத்தது 138. கடைசியில் 2021 டிசம்பரில்தான் நிறைவேறியது. இன்றைக்கும் 222 இடங்களில் லாபுவானையும் சேர்த்து அவர்களுக்கு 57தான். மூன்றில் ஒரு பங்கு என்றால் 74, திருத்தத்தைத் தடுக்க அதற்கு மேல் ஒன்று வேண்டும். அந்த மூன்றில் ஒரு பங்கைத்தான் கேட்டுக்கொண்டே இருக்கிறார்கள். அறுபது வருஷமாகியும் அந்தப் பதினைந்து நாற்காலி விட்டுப்போன இடம் அடைபடவில்லை.

எல்லைக்கோடு அப்படியே இருப்பதைத்தான் அண்ணன் ஸ்திரம் என்கிறார். எனக்கு அது போதாது. உள்ளே இருப்பவர்கள் சேர்ந்தபோது என்ன பேசிச் சேர்ந்தார்களோ அந்தப் பேச்சு நிற்கிறதா என்று பார்த்துத்தான் நான் ஸ்திரம் என்று சொல்வேன்.

லாபிஸ் — 2 பிப்ரவரி

கணக்கு புரியவில்லை, வேறு மாதிரி சொல்லுங்கள் என்று ஈப்போ அக்கா கேட்டதால் இது.

நான் வளர்ந்த தோட்டத்தில் மூன்று டிவிஷன், ஒரு மாரியம்மன் கோயில். கோயில் கமிட்டியில் 13 பேர். முதல் டிவிஷனுக்கு 6, இரண்டாவதுக்கு 4, மூன்றாவதுக்கு 3. எது முடிவானாலும் 7 பேர் சம்மதம் வேண்டும். கணக்கெழுதும் பெரிய கிராணி, வேலையை மேற்பார்க்கும் மண்டோர்கள் எல்லாரும் முதல் டிவிஷனில்தான். இருந்தாலும் தீமிதிக்கு முன்னால் அவர்களே மூன்றாம் டிவிஷன் லயத்துக்கு நடந்து வந்து, திண்ணையில் உட்கார்ந்து, காப்பி குடித்து, "ரதம் எந்த வழியா வரணும் சொல்லுங்கப்பா" என்று கேட்பார்கள். ரதம் எங்கள் லயத்து முன்னால் நிற்கும். அம்மா வாசல் தெளித்துக் கோலம் போட்டு, தேங்காய் உடைத்து வைப்பார்.

பிறகு இரண்டாம் டிவிஷனை வீட்டுமனைக்கு விற்றார்கள். சனங்கள் குளுவாங், மாசாய் என்று கலைந்துபோனார்கள். கமிட்டியில் 9 பேர், சம்மதத்துக்கு 5 பேர் போதும். முதல் டிவிஷனிடம் 6 இருந்தது. எங்கள் மூன்று பேரை யாரும் நீக்கவில்லை, கூட்டத்துக்குக் கூப்பிட்டார்கள், நோட்டில் கையெழுத்தும் வாங்கினார்கள். திண்ணைக்கு மட்டும் யாரும் வரவில்லை. மூன்றாம் வருஷம் ரதம் ஆபீஸ் பாதையோடு திரும்பிவிட்டது. தூரம் அதிகம், டீசல் செலவு என்றார்கள். அடுத்த வருஷம் எங்கள் லயத்தில் பாதிப்பேர் வரி கொடுக்கவில்லை. கெட்டவர்கள் என்று யாரையும் சொல்ல எனக்கு மனம் வரவில்லை. கேட்கவேண்டிய அவசியம் போனது, கேட்பதும் நின்றுபோனது.

லாபிஸ் — 4 பிப்ரவரி

இதை ஐரோப்பாவில் வைத்துப் பார்த்தேன். அங்கேயும் பொருந்துகிறது, ஆனால் முழுக்க இல்லை.

ஒன்றியத்தில் பல முடிவுகளுக்கு நாடுகளில் 55 விழுக்காடு, மக்கள்தொகையில் 65 விழுக்காடு வேண்டும். தடுக்கவேண்டுமானால் 35 விழுக்காட்டுக்கு மேல் மக்கள்தொகை உள்ள நாடுகள், குறைந்தது நான்கு சேரவேண்டும். பிரிட்டன் ஒன்றுக்கே ஏறத்தாழ 13 விழுக்காடு இருந்தது. நெதர்லாந்து, சுவீடன், டென்மார்க் மாதிரி சிக்கனம் பேசுகிற நாடுகளுக்கு அந்த 13 பக்கத்தில் நின்ற பெரிய துணை. அது போனதும் ஜெர்மனியும் பிரான்சும் மட்டும் சேர்ந்தாலே மூன்றில் ஒரு பங்கு மக்கள்தொகை என்றாகிவிட்டது.

பிரிட்டன் கதவைத் தாண்டும் முன்பே இந்தச் சின்ன நாடுகள் விழித்துக்கொண்டன. 2018இல் நெதர்லாந்து, அயர்லாந்து, மூன்று பால்டிக் நாடுகள், டென்மார்க், சுவீடன், பின்லாந்து எட்டும் சேர்ந்து புதிய ஹன்சா என்று ஒரு அணி கட்டின. 2020 ஜூலையில் கொரோனா மீட்பு நிதி வந்தது. 750 பில்லியன் யூரோ, ஒன்றியமே கடன் வாங்கிப் பிரித்துக்கொடுக்கும் திட்டம். நெதர்லாந்து, ஆஸ்திரியா, சுவீடன், டென்மார்க் நான்கும் முட்டி மோதின. மானியத்தை 500இலிருந்து 390 பில்லியனாகக் குறைக்க முடிந்தது, தங்களுக்குச் சந்தாத் தள்ளுபடி வாங்க முடிந்தது. திட்டத்தை நிறுத்த முடியவில்லை. இந்த நிதிக்கு எல்லா நாடுகளும் சம்மதிக்கவேண்டும் என்பதால், சட்டப்படி தடுக்கும் உரிமை ஒவ்வொருவரிடமும் இருந்ததுதான். லண்டன் பக்கத்தில் இல்லாமல் அதைக் கடைசிவரை பிடித்துக்கொண்டு நிற்க யாருக்கும் தெம்பில்லை. பிரிட்டன் இருந்திருந்தால் பொதுக்கடன் அந்த உருவில் வந்திருக்காது என்பது என் முடிவு.

ஆக ஒரு வெளியேற்றம் ஒன்றியத்தை இறுக்கவும் செய்யும். இறுகுவது எந்தப் பக்கம் என்பதை மட்டும் போனவர் தீர்மானிக்க முடியாது.

வித்தியாசம் எங்கே என்றால், ஐரோப்பாவில் வெளியேற வாசல் இருந்தது. ஒன்றிய ஒப்பந்தத்தின் 50ஆம் பிரிவு. 2017 மார்ச் 29 அன்று கடிதம் கொடுத்தார்கள், 2020 ஜனவரி 31 அன்று போனார்கள். நடுவில் கிட்டத்தட்ட மூன்று வருஷம் 27 நாடுகளும் பார்னியே என்ற ஒரே ஆளை அனுப்பிப் பேசின. அயர்லாந்து சின்ன நாடு. அதன் வடக்கு எல்லைக்கு வேலி வரக்கூடாது என்பதை 27 நாடுகளும் தங்கள் நிபந்தனையாகத் தூக்கிப் பிடித்தன. உள்ளே இருக்கும் சின்னவனுக்காக மற்றவர்கள் நிற்பார்கள் என்பதை அந்த ஒரு விஷயம் ஊருக்கே காட்டியது. அடுத்தவர் கிளம்பாததற்கு பிரிட்டன் பட்ட பாடு பாதிக் காரணம் என்றால், மீதிப் பாதி இது.

சபாவுக்கும் சரவாக்குக்கும் 1965இல் அப்படி ஒரு பேச்சு மேசை கிடைக்கவில்லை. பிரிவினை அவர்களைக் கலக்காமல் முடிந்துபோனது.

லாபிஸ் — 5 பிப்ரவரி

பிரிட்டன் யூரோவை விட்டதால்தான் குழப்பம் என்று ஒருவர் கீழே எழுதியிருக்கிறார். பிரிட்டன் ஒருநாளும் யூரோவில் இருந்ததில்லை. பவுண்டுதான்.

லாபிஸ் — 8 பிப்ரவரி

எகோவாஸ். தம்பி ஆரம்பித்த இடம், நான் இன்னும் தொடவில்லை.

1975இல் லாகோஸில் ஒப்பந்தம் போட்டு அமைந்தது. 15 நாடுகள், இப்போது 12. போன மூன்றும் கூட்டமைப்பின் நிலப்பரப்பில் பாதிக்கும் மேல். மக்கள்தொகை அவ்வளவு இல்லை, பணம் அதைவிடக் குறைவு. மூன்றிலும் ராணுவம் ஆட்சியைப் பிடித்தது. 2023 ஜூலையில் நைஜரில் கவிழ்ப்பு நடந்ததும் எகோவாஸ் தடை போட்டது, எல்லையை மூடியது, படை அனுப்புவோம் என்று மிரட்டியது. நைஜருக்கு நைஜீரியா மின்சாரத்தை நிறுத்தியது. மூன்றும் செப்டம்பரில் தனிக் கூட்டணி கட்டி, 2024 ஜனவரி 28 அன்று போகிறோம் என்று அறிவித்தன. ஒப்பந்தப்படி ஒரு வருஷ அவகாசம், அதுதான் போன வாரம் முடிந்தது.

இதில் என்னைத் தைப்பது மின்சாரம். கவிழ்ப்பு செய்தது ராணுவம், இருட்டில் உட்கார்ந்தது நைஜர் தலைநகர் நியாமே சனங்கள். அதற்கப்புறம் வெளியேறுகிறோம் என்று ராணுவத் தலைவர்கள் சொன்னபோது தெருவில் கொண்டாட ஆள் கிடைத்ததில் ஆச்சரியம் இல்லை.

மிச்சமிருக்கும் 12க்குக் கணக்கு எப்படி மாறுகிறது? நைஜீரியா முன்பே மக்கள்தொகையில் பாதிக்கும் மேல். இப்போது அதன் பங்கு இன்னும் கூடுகிறது. தோகோ, பெனின் போன்றவற்றுக்கு ஒருபக்கம் நைஜீரியா, மறுபக்கம் கடல் இல்லாத அந்த மூன்று நாடுகளின் சரக்கு. அவற்றின் லோமே, கோட்டோனூ துறைமுகங்களுக்கு அந்தச் சரக்கில்தான் பிழைப்பு. எகோவாஸ் ஆடப்போகிறதென்றால் அது முதலில் தெரியும் இடம் இந்தத் துறைமுக ஊர்கள்தான். எகோவாஸ் தலைமையகம் இருக்கும் அபுஜாவின் மாநாட்டு அறிக்கைகளில் தேடாதீர்கள்.

இன்னொன்று. மூன்று நாடுகளும் எகோவாஸை விட்டாலும் சிஎஃப்ஏ பிராங்க் பொது நாணயத்தை விடவில்லை. செனகல், ஐவரி கோஸ்ட்டோடு ஒரே பணம். எகோவாஸும் அவர்கள் கடவுச்சீட்டை மறு அறிவிப்பு வரை ஏற்கச் சொல்லியிருக்கிறது. அரசியல் வாசலை அடைத்துவிட்டுச் சமையற்கட்டு வாசலைத் திறந்தே வைத்திருக்கிறார்கள். இரண்டு பக்கத்துக்கும் இது புத்திசாலித்தனம்தான் என்று நினைக்கிறேன்.

லாபிஸ் — 13 பிப்ரவரி

தைப்பூசத்துக்கு சிங்கப்பூர் செம்பவாங்கிலிருந்து மாமா குடும்பம் வந்திருந்தது. மாமா சிங்கப்பூர்க் கடற்படைத் தளத்தில் வேலைக்குப் போனவர். இந்த இழையைப் படித்துக் காட்டினேன். 1965 அவருக்குப் பெரிய நாளாக நினைவில் இல்லையாம். "மறுநாளும் ஜொகூர்ப் பாலத்தைத் தாண்டி வந்தேன், யாரும் ஒன்னும் கேக்கல" என்றார். அவருக்கு உறைத்தது 1967. அந்த வருஷம் ஜூனில் பணம் பிரிந்தது, பாலத்தில் கடவுச்சீட்டுப் பார்ப்பதும் வந்தது. பாட்டி கையெழுத்துப் போடத் தெரியாதவர். தம்பி வீட்டுக்குப் போக எதற்குப் புத்தகம் என்று ஜொகூர் பாருவில் வரிசையில் நின்று அழுதாராம். மாமா தன் விரலால் பாட்டியின் கட்டைவிரலைப் பிடித்து மையில் ஒற்றியதைச் செய்து காட்டினார்.

பணம் பிரிந்தாலும் இரண்டு வெள்ளியும் 1973 வரை ஒன்றுக்கு ஒன்று மாறியது. விமான நிறுவனம் 1972 வரை ஒன்றாகவே இருந்தது. தண்ணீர் இன்றுவரை. 1962 ஒப்பந்தப்படி ஜொகூர் ஆற்றிலிருந்து ஒருநாளைக்கு 250 மில்லியன் கேலன், ஆயிரம் கேலனுக்கு 3 காசு, 2061 வரை. 2025 ஜனவரி 7 அன்று ஜொகூர்–சிங்கப்பூர் சிறப்புப் பொருளாதார மண்டலத்துக்குக் கையெழுத்துப் போட்டார்கள். எங்கள் ஊர்ப் பிள்ளைகள் பாதிப்பேர் அந்தப் பாலத்தைத் தாண்டித்தான் சம்பாதிக்கிறார்கள்.

பிரிந்த இருவருக்கும் பேச வாய்ப்பு கிடைத்துக்கொண்டே இருக்கிறது, ஒருவருக்கொருவர் தேவை இருப்பதால். பிரிவில் பங்கில்லாத மூன்றாமவருக்குத்தான் அந்த மேசை கிடையாது. மாமாவிடம் இதைச் சொன்னேன். "அது பாட்டிக்கும் பொருந்தும்" என்றார்.

லாபிஸ் — 16 பிப்ரவரி

ஆசியான் பற்றித் தம்பி மறுபடி இடித்துக் கேட்கிறார்.

2008இல் நடைமுறைக்கு வந்த ஆசியான் சாசனத்தில் வெளியேறும் விதி கிடையாது, வெளியேற்றும் விதியும் கிடையாது. எண்ணி ஓட்டுப் போடும் வழக்கமும் இல்லை, கருத்தொற்றுமைதான். ஆகவே ஒருவர் போனால் ஓட்டுப் பலம் மாறுவது என்ற என் கணக்கு இங்கே செல்லாது. இங்கே ஆபத்து வேறு. மியன்மாரை எடுத்துக்கொள்ளுங்கள். 2021 ஏப்ரலில் வன்முறையை நிறுத்திப் பேச ஆசியான் போட்ட ஐந்து அம்ச உடன்பாட்டுக்கு ராணுவத் தலைவர் தலையாட்டிவிட்டுப் போனார், எதையும் செய்யவில்லை. அந்த வருஷம் அக்டோபரிலிருந்து உச்சநிலைக் கூட்டத்துக்கு அவரைக் கூப்பிடுவதில்லை. அவர்கள் முறையான 2026 தலைமைப் பொறுப்பும் பிலிப்பைன்சுக்குப் போய்விட்டது. நாற்காலி இருக்கிறது, ஆள் இல்லை, ஒப்பந்தம் இருக்கிறது, நடப்பதில்லை. ஒரு நாடு முறையாக வெளியேறுவதைவிட இது மோசம் என்று எனக்குப் படுகிறது. போனவருக்குப் பின்னால் மிச்சப்பேர் உட்கார்ந்து கணக்கை மறுபடி போடலாம். இதில் அதற்குக்கூட வழியில்லை. 2025இல் தலைமை நம்முடையது, அதனால் இன்னும் அக்கறையாகப் பார்க்கிறேன்.

லாபிஸ் — 17 பிப்ரவரி

"தோட்டத்து ஆளுக்கு இதெல்லாம் எதுக்கு" என்று கேட்டவருக்கு. நம் செம்பனை எண்ணெய்க்கு ஐரோப்பிய ஒன்றியம் 2023இல் காடழிப்புத் தடைச் சட்டம் கொண்டுவந்தது. ராம்புக்குக் குலை கொண்டுவரும் சிறு தோட்டக்காரரும் தன் நிலம் எங்கே இருக்கிறது என்று வரைபடப் புள்ளியோடு காட்டவேண்டும் என்பது அந்தச் சட்டத்தின் போக்கு. பிரிட்டன் உள்ளேயே இருந்திருந்தால் தனியாக எதுவும் பேசியிருக்க முடியாது. வெளியே போனதால் பசிபிக் நாடுகளின் வர்த்தக ஒப்பந்தத்தில் 2024 டிசம்பர் 15 அன்று சேர்ந்தது, மலேசியச் செம்பனை எண்ணெய்க்குச் சுங்கவரியை நீக்கியது. ஒரே கண்டத்தில் இரண்டு வாசல், இரண்டு விதி. குலைக்கு விலை எழுதும் பலகைக்கு முன்னால் நிற்பவருக்கு இது தெரிந்திருக்கவேண்டும்.

லாபிஸ் — 23 பிப்ரவரி

ஒரு வாரமாக 1976ஐ நினைத்துக்கொண்டிருக்கிறேன். மூன்றில் ஒரு பங்கு இடம் இருந்தால் எல்லாம் சரியாகிவிடும் என்ற மாதிரி என் பிப்ரவரி 1 குறிப்பு படிக்கும்போது தோன்றுகிறது. அன்றைய திருத்தத்துக்குச் சபா, சரவாக் உறுப்பினர்கள் பலரே கை தூக்கினார்கள். கூட்டணிக் கட்டுப்பாடு, மத்தியிலிருந்து வரும் பணம், இரண்டும் இடத்தைவிடப் பெரிது. 75 இடம் கிடைத்து, 75 பேரும் கோலாலம்பூர் சொன்னபடி நின்றால் என்ன பயன்?

இருந்தாலும் நான் மூன்றில் ஒரு பங்குக்கு மேல்தான் கேட்பேன். தடுக்கும் பலம் கையில் இருந்தால், அதைப் பயன்படுத்தாத பிரதிநிதியை ஊரில் நிறுத்திக் கேள்வி கேட்கலாம். பலமே இல்லையென்றால் அவர் "நான் என்ன செய்ய, எண்ணிக்கை இல்லையே" என்று சொல்லிவிட்டுப் போய்விடுவார். அந்தப் பதிலை எங்கள் மூன்றாம் டிவிஷன் நிறையக் கேட்டிருக்கிறது.

சபாவின் தாவாவிலிருந்தோ சரவாக்கின் மிரியிலிருந்தோ யாராவது இதைப் படித்தால் எழுதுங்கள். தீபகற்பத்தில் உட்கார்ந்து நாங்களே இதைப் பேசிக்கொண்டிருப்பது போதாது.

லாபிஸ் — 24 பிப்ரவரி

எகோவாஸிலிருந்து இதற்கு முன் யாரும் போனதில்லையா என்று தம்பி கேட்டிருக்கிறார். போயிருக்கிறார்கள். மௌரித்தானியா 2000இல் விலகியது, கூட்டமைப்பு பிழைத்தது. 2017இல் அதே மௌரித்தானியா வியாபாரத்துக்கும் மக்கள் போக்குவரத்துக்கும் இணை ஒப்பந்தம் போட வந்தது. உறுப்பினராகத் திரும்பவில்லை.